கையெழுத்தே போடாத பார்சலுக்கு "கையெழுத்து பெறப்பட்டது" என்று வருகிறது: அடுக்ககத்திலும் மாணவர் குடியிருப்பிலும் என்னதான் நடக்கிறது?

#1 மூன்றாம்மாடி

மாணவர் குடியிருப்பு ஒன்றில் இருக்கிறேன். ஆறு மாடி, மாடிக்கு இருபது அறை, தெருவைப் பார்த்து ஒரே ஒரு கதவு. கடந்த செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரு மடிக்கணினி வரவேண்டியிருந்தது. வாங்கும்போதே "பெறுபவரின் கையெழுத்து கட்டாயம்" என்று போட்டிருந்தார்கள். அதை நம்பி, வகுப்புக்கும் போகாமல் காலை முழுவதும் அறையிலேயே உட்கார்ந்திருந்தேன். குளிக்கக்கூடப் போகவில்லை.

11.42 மணிக்குக் கைப்பேசியில் செய்தி: "ஒப்படைக்கப்பட்டது. கையெழுத்திட்டவர்: குடியிருப்பாளர்."

கதவை யாரும் தட்டவில்லை. மூன்று மாடியும் ஓடி இறங்கினேன். தபால் பெட்டிகளுக்குக் கீழே ஏழெட்டுப் பார்சல்கள் குவிந்து கிடந்தன. என்னுடையது அதில் இல்லை. கண்காணிப்புப் பக்கத்தில் அந்தக் கையெழுத்தைத் திறந்து பார்த்தேன். ஒரு நெளிகோடு, அவ்வளவுதான். ஈரமண்ணில் ஊர்ந்துபோகும் மண்புழு இதைவிடத் தெளிவாக எழுதும். என் பெயரிலுள்ள ஓர் எழுத்துக்கூட அதில் தென்படவில்லை.

கூரியர் நிறுவனம் "எங்கள் பதிவில் ஒப்படைத்தாகிவிட்டது, விற்றவரைக் கேளுங்கள்" என்கிறது. விற்றவர் "கையெழுத்து இருக்கிறதே, கூரியரைக் கேளுங்கள்" என்கிறார். மூன்று நாளாக இரண்டு பேரும் என்னைப் பந்தாடிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கையெழுத்தைப் போட்டது யார்? நான் யாருடைய சட்டையைப் பிடிப்பது?

#2 அரைக்கதவு

உங்களுக்காவது "குடியிருப்பாளர்". போன மாதம் என் பார்சலுக்குக் கையெழுத்திட்டவர் பெயர் "வாசல்" என்று வந்தது. எங்கள் அடுக்ககத்தில் கதவுக்கும் எழுதப் படிக்கத் தெரியும் போலிருக்கிறது.

#3 ஓய்ந்தசக்கரம்

தம்பி, ஆறு ஆண்டுகள் விநியோக வண்டி ஓட்டி, இடுப்பு வலி தாங்காமல் விட்டவன் நான். திட்டுவதற்கு முன் கொஞ்சம் கேளுங்கள். கேட்ட பிறகும் திட்டலாம், தடையில்லை.

சாதாரண நாளில் என் வண்டிக்கு நூற்றுமுப்பது நிறுத்தங்கள் இருக்கும். தனி வீடு என்றால் இறங்கி, மணியடித்து, கொடுத்துவிட்டுத் திரும்ப இரண்டு நிமிடம் போதும். உங்கள் குடியிருப்பு மாதிரி இடத்தில் ஒரே நிறுத்தத்துக்கு முப்பது பார்சல். வழி வகுத்துக் கொடுக்கும் மென்பொருளுக்கு அது ஒரு முகவரி. ஏறி இறங்கும் எனக்கோ முப்பது கதவு. தெருக்கதவின் ரகசிய எண்ணைப் போன வாரம்தான் மாற்றியிருப்பார்கள். இன்டர்காமில் ஒட்டியிருக்கும் பெயர்கள் இரண்டு ஆண்டுக்கு முன் படித்து முடித்துப் போனவர்களுடையவை. பாதிப் பார்சல்களில் அறை எண்ணே இருக்காது. பார்சலுக்கு இவ்வளவு என்றுதான் எனக்குக் கூலி. ஆள் இல்லை என்று திருப்பிக்கொண்டு போனால் அதற்குக் காசு கிடையாது, மறுநாள் அதே சுமை மீண்டும் என் வண்டியில் ஏறும்.

இனி அந்தக் கையெழுத்து. "கையெழுத்து தேவை" என்று குறித்த பார்சலை ஸ்கேன் செய்தால், கட்டத்துக்குள் ஏதாவது ஒரு கோடு விழும்வரை திரை நகராது. கோடு விழுந்தால் போதும், அது யார் விரல் என்பது அந்தக் கருவிக்குத் தேவையில்லை. பெயர்க் கட்டத்தில் எதைத் தட்டினாலும் ஏற்றுக்கொள்ளும். "குடியிருப்பாளர்", "வாசல்", "மேசை" எல்லாம் அப்படி வந்தவைதான்.

2020 மார்ச்சில் பெருந்தொற்று பரவியபோது பல நாடுகளில் அஞ்சல் துறைகளும் கூரியர் நிறுவனங்களும் கையெழுத்து வாங்குவதை நிறுத்திவைத்தன. எட்ட நின்று பெயரைக் கேட்டு நாங்களே பதிவு செய்தால் போதும் என்றார்கள். அப்போது அது நியாயமான ஏற்பாடு. பிறகு பழைய விதியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், ஆனால் பழகிப்போன விரலை யார் திரும்பக் கொண்டுவருவது? மறைக்க விரும்பவில்லை, நானும் கோடு இழுத்திருக்கிறேன். திருடியதில்லை. கோடு இழுத்திருக்கிறேன்.

#4 கறார்

கூலி குறைவு, மாடி அதிகம், எல்லாம் சரி. அதற்காக இன்னொருவர் கையெழுத்தை நீங்கள் போடுவீர்களா? வங்கியில் ஒருவர் இப்படிச் செய்தால் அதற்குப் பெயர் என்ன? காரணம் சொல்வது வேறு, நியாயம் சொல்வது வேறு.

#5 ஓய்ந்தசக்கரம்

நியாயம் என்று நான் சொல்லவே இல்லையே. எப்படி நடக்கிறது என்றுதான் சொன்னேன்.

#6 மேசைக்காரி

மாணவர் குடியிருப்பில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறேன். ஓட்டுநரையும் மாணவரையும் பற்றியே பேசுகிறீர்கள், நடுவில் ஒருவர் உட்கார்ந்திருப்பதை மறந்துவிட்டீர்கள்.

எங்கள் இடத்தில் ஓட்டுநர் தள்ளுவண்டி நிறையக் கொண்டுவந்து இறக்குவார். ஒரே ஒரு கையெழுத்து வாங்குவார். அந்த ஒரு கையெழுத்து நாற்பது பார்சலுக்கும் பொருந்திவிடும். அதில் ஒன்று மடிக்கணினி, ஒன்று கடவுச்சீட்டு, ஒன்று காலுறை என்று எனக்குத் தெரிய வழியில்லை. நான் நாற்பதையும் எண்ணிப் பார்த்துக் கையெழுத்திட்டால் அவருக்குப் பத்து நிமிடம் போகும், பின்னால் இன்னொரு கூரியர் வண்டி ஹாரன் அடிக்கும். எண்ணாமல் போட்டால், வராத பார்சலுக்கும் நான் பொறுப்பு. இரண்டு முறை சூடுபட்ட பிறகு இப்போது எண்ணித்தான் போடுகிறேன். யார் வேண்டுமானாலும் ஹாரன் அடிக்கட்டும்.

தம்பி, முதலில் உங்கள் மேசையின் பதிவேட்டைப் பாருங்கள். அடுத்து, பக்கத்துக் கட்டடத்தில் உங்கள் அறை எண்ணிலேயே இன்னோர் அறை இருக்கிறதா என்று விசாரியுங்கள். எங்கள் வளாகத்தில் மூன்று கட்டடங்கள், மூன்றிலும் 312 உண்டு. தவறிப்போன பார்சல்களில் பெரும்பகுதியை நான் அங்கேதான் கண்டெடுத்திருக்கிறேன். ஒரே பெயருடைய மாணவர்கள் இருவர் இருந்தால் கேட்கவே வேண்டாம். கல்வியாண்டு தொடங்கும் இரண்டு வாரமும் விடுமுறைக்கு முந்தைய வாரமும்தான் மிக மோசம். காலி செய்துவிட்டுப் போன பிள்ளைகள் பழைய முகவரியை மாற்றாமலேயே பொருள் வரவழைப்பார்கள், அந்த அறைக்குப் புதிதாக வந்தவர் "எனக்குத்தானோ" என்று பிரித்துப் பார்ப்பார்.

இன்னொன்று. வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். "குடியிருப்பாளர் சார்பில் பார்சலைப் பெற்றுக்கொள்ள நிர்வாகத்துக்கு அனுமதி உண்டு, இழப்புக்குப் பொறுப்பில்லை" என்பதுபோல ஒரு வரி இருக்கலாம். அந்த ஒரு வரியால் கதையே மாறும்.

#7 மூன்றாம்மாடி

நன்றி அக்கா. எங்கள் மேசை பகல் பன்னிரண்டுக்குத்தான் திறக்கிறது. செய்தி வந்தது 11.42க்கு. அதனால் மேசையில் யாரும் கையெழுத்திட்டிருக்க முடியாது. பக்கத்துக் கட்டடத்தில் என் எண் உள்ள அறையைத் தட்டினேன், யாரும் இல்லை. சீட்டு எழுதிக் கதவிடுக்கில் செருகிவிட்டு வந்திருக்கிறேன்.

#8 சிறுவியாபாரி

பழுதுபார்த்த கேமராக்களை இணையத்தில் விற்கிறேன், எனவே நான் எதிர்த்தரப்பு. ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன்.

கையெழுத்து என்பது உங்களுக்காக இருக்கும் ஏற்பாடு என்று நினைக்கிறீர்கள். அதைக் காசு கொடுத்து வாங்கியவர் விற்பனையாளர். கூரியரோடு ஒப்பந்தம் அவருக்கு, உங்களுக்கு அல்ல. அதனால்தான் கூரியர் அழைப்பு மையத்தில் நீங்கள் எவ்வளவு கத்தினாலும் "அனுப்பியவர்தான் புகார் தரவேண்டும்" என்கிறார்கள். அந்த ஒரு விஷயத்தில் அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரி. "கூரியரைக் கேளுங்கள்" என்று சொல்லும் விற்பனையாளரோ தன் வேலையை உங்கள் தலையில் கட்டுகிறார். கூரியரிடம் இழப்பீடு கோர அவருக்குக் காலக்கெடு உண்டு. அவர் உங்களை அலைக்கழிக்கும் ஒவ்வொரு நாளும் அவருடைய கெடுவே கரைகிறது. இதை அவருக்கு எழுத்தில் சொல்லுங்கள், உடனே சுறுசுறுப்பு வரும்.

கையெழுத்திலும் வகை உண்டு. மிகத் தளர்வான வகையில் அக்கம்பக்கத்தார் போட்டாலும் செல்லும், நீங்கள் முன்கூட்டியே எழுதி ஒட்டிவைத்த சீட்டும் செல்லும். நடுத்தர வகையில் அந்த முகவரியில் இருக்கும் யாரும் போடலாம், மேசையும் இதில் அடங்கிவிடும். கடைசி வகையில் அடையாள அட்டை பார்த்து, பெயருக்குரியவரிடம் மட்டுமே தரவேண்டும். வயது வரம்புள்ள பொருள் என்றால் வயதையும் பார்க்கவேண்டும். விற்பனைப் பக்கத்தில் "கையெழுத்து கட்டாயம்" என்று மொட்டையாகப் போட்டுவிட்டு, நடுத்தர வகையையோ தளர்வான வகையையோ வாங்குவதுதான் பலருடைய வழக்கம். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். மூன்று லென்ஸ்கள் காணாமல் போன பிறகுதான் புத்தி வந்தது. எனவே முதல் கேள்வி: உங்கள் விற்பனையாளர் எந்த வகையை வாங்கினார்? உங்கள் பெயருக்கு மட்டும் என்று வாங்கியிருந்தால், "குடியிருப்பாளர்" என்ற பதிவே கூரியர் தவறியதற்குச் சாட்சி.

#9 உட்பிரிவு

சிறுவியாபாரி சொன்னதற்குச் சட்டத்திலும் அடித்தளம் உண்டு. நாட்டுக்கு நாடு விதி மாறும் என்பதால் உங்கள் இடத்துக்குரியதை நீங்கள்தான் பார்க்கவேண்டும், போக்கு மட்டும் சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமை நெறிமுறையின் 20ஆம் பிரிவு, வாங்கியவரோ அவர் குறிப்பிட்டவரோ பொருளை நேரடியாகக் கையில் பெறும்வரை இழப்பு விற்பனையாளரைச் சேர்ந்தது என்கிறது. பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. இதில் "அவர் குறிப்பிட்டவர்" என்ற சொற்களைக் கவனியுங்கள். "நான் இல்லையென்றால் மேசையில் கொடுங்கள்", "படிக்கட்டடியில் வையுங்கள்" என்று நீங்களே செயலியில் தேர்ந்தெடுத்திருந்தால் உங்கள் வாதம் வலுவிழக்கும். அந்தத் தேர்வு எப்போதோ ஒருமுறை அழுத்தி மறந்துபோனதாகவும் இருக்கலாம், போய்ப் பாருங்கள். விற்பனையாளர் தேர்வாகத் தராத ஒரு கூரியரை, பொருளை வாங்கியவரே ஏற்பாடு செய்திருந்தாலும் நிலைமை வேறு. அந்தக் கூரியரிடம் பொருள் போனதுமே இழப்பு வாங்கியவரைச் சேரும்.

பணம் கட்டியது அட்டையில் என்றால் இன்னொரு வழி. "பொருள் வந்து சேரவில்லை" என்று அட்டை தந்த வங்கியில் மறுப்புப் பதிவு செய்யலாம். விசா அட்டைகளுக்குப் பொதுவாக, பொருள் வந்திருக்கவேண்டிய கடைசி நாளிலிருந்து 120 நாள் கெடு. விற்றவரிடம் எழுத்தில் கேட்டுவிட்டு, பதில் சரியில்லை என்ற பிறகு இதற்குப் போவதே நல்லது. தொலைபேசியில் பேசியதெல்லாம் காற்றோடு போய்விடும், மின்னஞ்சலில் கேளுங்கள்.

#10 இரவுப்பணி

எல்லோரும் கையெழுத்து, கையெழுத்து என்கிறீர்கள். நான் இரவு வேலைக்காரன், பகலில் தூங்குகிறேன். கண்டிப்பாகக் கையெழுத்து வாங்கும் ஓட்டுநர் எனக்கு வாய்த்தால் ஒரு பார்சலுக்கு மூன்று முறை தூக்கம் கெடும், நான்காம் முறை பேருந்து பிடித்துக் கிடங்குக்குப் போய் வரிசையில் நிற்கவேண்டும். தலையணை உறைக்கும் புத்தகத்துக்கும் யாருக்கு வேண்டும் கையெழுத்து? கதவோரம் வைத்துவிட்டுப் போகும் ஓட்டுநருக்கு நான் மனதார நன்றி சொல்கிறேன். எங்கள் மாடியில் ஒன்றும் தொலைந்ததில்லை.

#11 கறார்

உங்கள் மாடியில் தொலைந்ததில்லை. தெருக்கதவு எந்நேரமும் திறந்துகிடக்கும் ஓர் அடுக்ககத்தில் வந்து ஒரு வாரம் தங்கிப் பாருங்கள்.

#12 இரவுப்பணி

அப்படியென்றால் கதவைப் பூட்டச் சொல்லிச் சண்டை போடுங்கள். ஓட்டுநரிடம் ஏன்?

#13 மூன்றாம்மாடி

தகராறு வேண்டாம், புதுச் செய்தி இருக்கிறது. விற்பனையாளர் கூரியரிடமிருந்து ஒரு பதில் வாங்கி அனுப்பியிருக்கிறார். "ஜிபிஎஸ் பதிவின்படி பார்சல் பெறுபவரின் முகவரியிலேயே ஒப்படைக்கப்பட்டது." வரைபடத்தில் எங்கள் கட்டடத்தின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி. இதற்கு என்ன பதில் சொல்வது?

#14 ஓய்ந்தசக்கரம்

அந்தப் புள்ளியைக் கண்டு மிரளவேண்டாம் தம்பி. திறந்த வானத்தின்கீழ் கைப்பேசியின் ஜிபிஎஸ் ஏறக்குறைய 5 மீட்டருக்குள் இடத்தைக் காட்டும். உயரமான கட்டடங்களுக்கு நடுவில் அலைகள் சுவரில் பட்டுத் திரும்புவதால் பிழை இன்னும் பெருகும், பக்கத்துக் கட்டடத்தில் நின்றாலும் உங்கள் கட்டடத்தில் நிற்பதாகக் காட்டலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வரைபடப் புள்ளிக்கு மாடி கிடையாது. தரைத்தளத்தில் நின்றவனும் மூன்றாம் மாடியில் நின்றவனும் அதில் ஒரே இடத்தில்தான் இருப்பார்கள். வண்டி உங்கள் தெருவுக்கு வந்தது என்பதை அது நிரூபிக்கும். அதை நீங்கள் மறுக்கவே இல்லையே?

கேட்கவேண்டியது வேறொன்று. அந்த நிறுத்தத்தில் ஸ்கேன் செய்த எல்லாப் பார்சல்களின் நேரத்தையும் கேட்கச் சொல்லுங்கள். மற்றவர்களின் பெயர் வேண்டாம், நேரம் மட்டும் போதும். மூன்றாம் மாடி ஏறி, கதவு தட்டி, கையெழுத்து வாங்கி, இறங்க எப்படியும் மூன்று நான்கு நிமிடம் ஆகும். உங்கள் பார்சலுக்கு முந்தியதும் பிந்தியதும் சில நொடி இடைவெளியில் இருந்தால், ஆள் தரைத்தளத்தில் ஒரே இடத்தில் நின்று வரிசையாகத் தட்டியிருக்கிறார் என்று அர்த்தம். வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து தட்டுவதும் உண்டு. இதைச் சொல்லித் தந்தது நான் என்று என் பழைய சகாக்களிடம் சொல்லிவிடாதீர்கள்.

புகைப்படம் எடுத்திருந்தால் அதையும் கேளுங்கள். கதவின் நிறம், தரைவிரிப்பு, எண் பலகை, எதுவாவது காட்டிக்கொடுக்கும். கட்டடத்தில் கேமரா இருந்தால் இன்றே எழுதிக் கொடுங்கள். பல இடங்களில் பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும்.

#15 அரைக்கதவு

என் பார்சலுக்கு எடுத்த புகைப்படத்தில் ஓட்டுநரின் காலணி மட்டும் இருந்தது. நல்ல காலணி.

#16 மேசைக்காரி

பார்சல் பெட்டகம் வைத்தால் எல்லாம் தீரும் என்று எங்கள் நிர்வாகம் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஜெர்மனியில் 2001இலேயே டோர்ட்மண்ட், மைன்ஸ் நகரங்களில் இப்படிப்பட்ட பெட்டகங்களைச் சோதனையாகத் தொடங்கினார்கள், எனவே புதுமை ஒன்றும் இல்லை. நல்ல ஏற்பாடுதான். எண்ணை அழுத்தினால் ஓர் அறை திறக்கும், யார் எப்போது திறந்தார் என்று பதிவாகும். ஆனால் ஒன்றைக் கேட்டேன், பதில் வரவில்லை. கல்வியாண்டின் முதல் வாரத்தில் இருநூறு பார்சல் வரும், பெட்டகத்தில் அறுபது அறை. மீதி எங்கே போகும்? தபால் பெட்டிக்குக் கீழேதான். போதாக்குறைக்கு, வந்த பார்சலை நான்கு நாள் எடுக்காமல் பெட்டக அறையைச் சொந்த அலமாரியாக நினைக்கும் பிள்ளைகளும் உண்டு.

#17 சிறுவியாபாரி

நான் இப்போது விலையுயர்ந்த பொருளுக்கெல்லாம் ஓடிபி முறைக்கு மாறிவிட்டேன். திரையில் இழுக்கும் கோட்டைக் காட்டிலும் எண் மேல், அந்த எண் வாங்கியவரின் கைப்பேசிக்கு மட்டுமே போகும். அதிலும் ஓட்டை உண்டு. தெருக்கதவில் நின்று ஓட்டுநர் அழைத்து, "எண்ணைச் சொல்லுங்கள், பார்சலைக் கீழே வைத்துவிடுகிறேன்" என்பார். வாங்கியவரும் மாடியிறங்கச் சோம்பல்பட்டுச் சொல்லிவிடுவார். சொன்ன நொடியிலேயே அவர் கையெழுத்துப் போட்டாயிற்று. அதற்குப் பிறகு பார்சல் காணோம் என்று வந்தால் நானும் கைவிரிக்கத்தான் வேண்டியிருக்கும். பொருள் கைக்கு வந்து, பெட்டியின் முத்திரை பிரியாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகு எண்ணைச் சொல்லுங்கள். மழை பெய்தாலும் சரி, கீழே இறங்கி வாருங்கள்.

#18 உட்பிரிவு

இதையே நான் நடுப்பக்கத்தில் கொட்டை எழுத்தில் போடுவேன்.

#19 மூன்றாம்மாடி

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன். பொறுமையாகப் பதில் எழுதிய அத்தனை பேருக்கும் நன்றி.

ஓய்ந்தசக்கரம் அண்ணன் சொன்னபடி நேரப் பட்டியலைக் கேட்டு விற்பனையாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். வாங்கியது எந்த வகைக் கையெழுத்து என்றும் அதிலேயே கேட்டேன். பெயருக்குரியவரிடம் மட்டும் தரும் வகையைத்தான் வாங்கியிருந்தாராம். அவரே கூரியரிடம் பட்டியலை வாங்கினார். எங்கள் கட்டடத்துக்கு அன்று வந்த பதினோரு பார்சல்களும் 11.42க்கும் 11.43க்கும் இடையில் ஸ்கேன் ஆகியிருக்கின்றன. பதினொன்றிலும் கையெழுத்திட்டவர் "குடியிருப்பாளர்". ஒரே நிமிடத்தில் ஆறு மாடியும் ஏறியிறங்கும் ஆள் இன்னும் பிறக்கவில்லை. விற்பனையாளர் அதன்பின் ஒரு வார்த்தை பேசவில்லை, மாற்று மடிக்கணினி அனுப்புவதாக எழுதினார்.

பக்கத்துக் கட்டடத்து அறைக்காரர் ஊரிலிருந்து திரும்பி, என் சீட்டைப் பார்த்துவிட்டு வந்து பேசினார். அவரிடம் இல்லை. கேமரா தெருக்கதவைத்தான் பார்க்கிறது, தபால் பெட்டிப் பக்கம் இருட்டு. முதல் மடிக்கணினி எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது.

இரண்டாவது நேற்று வந்தது. ஓட்டுநர் வேறொருவர், என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். மூன்று மாடியும் ஏறி மூச்சிரைக்க வந்து நின்றார். அடையாள அட்டை கேட்டார். அதில் என் பெயர் சுருக்கமாகவும் பார்சலில் முழுதாகவும் இருந்ததால், கொடுப்பதா வேண்டாமா என்று ஒரு நிமிடம் யோசித்தார். எனக்கு எரிச்சல் வரவில்லை, தண்ணீர் கொடுத்தேன். பிறகு கருவியை நீட்டினார். கீறல் விழுந்த கண்ணாடி, தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டம். இத்தனை நாள் பட்டபாட்டுக்கு ஒரு நல்ல கையெழுத்தாக இருக்கட்டும் என்று, விரலால் என் முழுப்பெயரையும் நிறுத்தி நிதானமாக எழுதினேன்.

அவர் போனதும் கண்காணிப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அதே மண்புழு.